வட்டிக்குப் போகும் வீட்டுச் செலவு

நாட்றம்பள்ளி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாணியம்பாடிக்கும் பர்கூருக்கும் இடையே அமைந்த ஊராகும். சுற்றிலும் கேழ்வரகும், நிலக்கடலையும், துவரையும், மாவும், புளியும் விளைகின்றன. அருகே வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் உள்ளன. ஆகவே இவ்வட்டாரத்துக் குடும்பம் ஒன்றிற்கு வருவாய் பல வழிகளில் வருகின்றது. நிலத்தின் வருவாய் ஆண்டுக்கு ஓரிரு முறையே கைக்கு வரும். தொழிற்சாலைச் சம்பளம் மாதந்தோறும், கூலி வேலையின் பணம் வாரந்தோறும் வரும். ஆனால் செலவு என்பது நாள்தோறும் உண்டு. வரவுக்கும் செலவுக்கும் உள்ள இந்தக் கால இடைவெளியிலேதான் கடன் பிறக்கின்றது.

சிக்கனம் என்றால் குறைவாக உண்பதும் கிழிந்ததை உடுப்பதும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். குழந்தையின் பாலையும் பருப்பையும் குறைத்து மிச்சம் பிடித்தால், அந்த மிச்சம் பின்னர் மருத்துவச் செலவாகத் திரும்பி வந்து நிற்கும். பயன் ஏதும் தராமல் வீட்டை விட்டுப் போகும் பணத்தைத் தடுத்து நிறுத்துவதே உண்மையான சிக்கனம். அவ்வாறு போகும் பணத்தில் பெரியது வட்டி. அதைக் கண்டறிவதும் குறைப்பதும் எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. கண்ணுக்குத் தெரியாத செலவு

கிராமங்களில் வட்டியை மாதக் கணக்கில் பேசுவது வழக்கம். ‘இரண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய். ஆண்டுக்கு 24 ரூபாய். ‘ஐந்து வட்டி’ ஆண்டுக்கு 60 ரூபாயாகும். ‘பத்து வட்டி’யோ ஆண்டுக்கு 120 ரூபாயாகி, முதலையே விஞ்சிவிடும். சிறிய எண்ணாகச் சொல்லப்படுவதால் இதன் பாரம் உணரப்படுவதில்லை.

தண்டல் கடன் இதனினும் மறைவானது. பத்தாயிரம் ரூபாய் என்று பெயர் சொல்லி 8,500 ரூபாய் கையில் தரப்படுகிறது. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிக்கப்படுகிறது எனக் கொள்வோம். ‘ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தானே வட்டி’ என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் முதல் குறைந்துகொண்டே வருகிறது. ஆதலால் கடன் பெற்றவர் கையில் சராசரியாக இருப்பது அதில் ஏறத்தாழப் பாதித் தொகையே. இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறைக் கடந்துவிடுகிறது.

இது புதிய நோயன்று. 1951–52இல் நாடு முழுவதும் கிராமக் கடன் நிலையை ஆராய்ந்தனர். குடியானவர் வாங்கிய ஒவ்வொரு நூறு ரூபாய்க் கடனிலும் ஏறத்தாழ 70 ரூபாய் லேவாதேவிக்காரரிடமிருந்து வந்தது என்பதும், கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது ஏறத்தாழ 3 ரூபாயே என்பதும் அப்போது தெரிய வந்தது. பின்னர் வங்கிகள் பெருகின, கூட்டுறவும் வளர்ந்தது. ஆயினும் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. சட்டம் தேவையானதே. எனினும் கைப்பணம் இல்லாத வீடு கடன் கொடுப்பவரைத் தேடியே போகும். ஆதலால் வீட்டுக்குள்ளும் செய்ய வேண்டிய வேலை உண்டு.

2. கணக்கு நோட்டு

முதல் வேலை எழுதுவது. பள்ளிப் பிள்ளையின் நோட்டு ஒன்று போதும். வீட்டுச் செலவை மூன்றாகப் பிரித்து எழுதுக: நாட்செலவு, பருவச் செலவு, எதிர்பாராச் செலவு. வட்டிக்குக் கொடுத்த தொகையை இவற்றுள் கலக்காமல் தனியே நான்காவதாக எழுதுக. வீட்டின் தலைவியும் தலைவரும் வாரம் ஒரு நாள் உடன் அமர்ந்து கூட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் வாங்கிய கடன் மற்றவருக்குத் தெரியாதிருக்கும் வீட்டில் கணக்கு நிற்காது.

மூன்று மாதம் எழுதினால் ஓர் உண்மை புலப்படும். ‘திடீர்ச் செலவு’ என்று நாம் சொல்பவற்றுள் பல திடீரென வருபவை அல்ல. பள்ளி திறக்கும் மாதமும், ஆடி விதைப்பும், தீபாவளியும் ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றன. பள்ளிச் செலவு 6,000, விதையும் உழவும் 8,000, பண்டிகை 4,000 எனக் கொண்டால் மொத்தம் 18,000 ரூபாய். மாதம் 1,500 ரூபாய் ஒதுக்கினால் கடனின்றி முடியும். ஒதுக்காமல் ஐந்து வட்டிக்கு வாங்கி, ஆறு மாதத்தில் சம தவணையாக அடைத்தால் வட்டி மட்டும் 3,150 ரூபாய். இரண்டு மாதச் சேமிப்புக்கு மேற்பட்ட தொகை வீணே போகின்றது.

முன்பே கடன் உள்ளவர் என்ன செய்வது? கடன்களை வட்டி விகிதத்தின்படி வரிசையாக எழுதி, அதிக வட்டி உள்ளதை முதலில் அடைக்க வேண்டும். பெட்டியில் நகையை வைத்துக்கொண்டு தண்டலுக்குக் கடன் வாங்குவது பேதைமை. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக் கடன் பெற்று அதிக வட்டிக் கடனை அடைத்துவிடலாம். ஆனால் அடைத்த பிறகு மீண்டும் தண்டல் வாங்கினால் நகையும் போகும், கடனும் நிற்கும்.

3. பருவத்தில் வாங்குதல்

கைப்பணம் உள்ளவர் விலை இறங்கும்போது வாங்குகிறார். இல்லாதவர் விலை ஏறிய பின் சிறிது சிறிதாக, அதுவும் கடனுக்கு வாங்குகிறார். புளியை எடுத்துக்கொள்வோம். மாசி, பங்குனி மாதங்களில் புளி உதிர்த்துச் சந்தைக்கு வருகிறது. அப்போது கிலோ 100 ரூபாய் என்றும், மற்ற மாதங்களில் சராசரி 130 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 கிலோ வேண்டும் வீட்டிற்குப் பருவத்தில் வாங்கினால் 360 ரூபாய் மிச்சம்.

இந்த 1,200 ரூபாயைக் கடன் வாங்கி, ஆறு மாதத்தில் அடைத்தால் என்னவாகும்? ஒரு வட்டிக்கு வாங்கினால் வட்டி 42 ரூபாய். மிச்சம் 318 ரூபாய். ஐந்து வட்டியாயின் வட்டி 210 ரூபாய். மிச்சம் 150 ரூபாய். பத்து வட்டியாயின் வட்டி 420 ரூபாய்; மிச்சத்துக்கு மாறாக 60 ரூபாய் நட்டம். பொருள் ஒன்றே, விலையும் ஒன்றே. வட்டி ஒன்றே இலாபத்தை நட்டமாக்கிவிடுகிறது.

வாங்கிய பொருள் கெடாதிருந்தால்தான் மிச்சம் நிலைக்கும். புளியின் ஓடும் நாரும் கொட்டையும் நீக்கி, வெயிலில் உலர்த்தி, உப்புச் சேர்த்து மண்பானையில் அடைத்து வைக்கலாம். துவரைக்குச் செம்மண் கட்டிக் காய வைப்பதும், தானியத்தில் வேப்பிலையோ நொச்சி இலையோ இடுவதும் நம் பாட்டிமார் கண்ட முறைகள். கேழ்வரகு நன்றாகக் காய்ந்திருந்தால் நெடுங்காலம் கெடாது. சொந்த நிலத்தில் விளைந்ததை அறுவடையன்றே முழுவதும் விற்றுவிட்டு, பின்னர் அதையே கடையில் விலைக்கு வாங்கும் பழக்கத்தை விட வேண்டும். வீட்டுத் தேவைக்கு உரியதை முதலில் ஒதுக்குக.

4. கூடிச் சேர்த்தல்

ஒரு குடும்பம் தனித்து இதைச் செய்வது கடினம். பதினைந்து குடும்பங்கள் கூடினால் எளிது. மாதம் 100 ரூபாய் வீதம் பதினைந்து பேர் சேர்த்தால் ஆண்டில் 18,000 ரூபாய் ஆகிறது. அதிலிருந்து உறுப்பினருக்கு ஒரு வட்டிக்குக் கொடுத்தாலும், அந்த வட்டி வெளியே போகாமல் அவர்களுடைய பொதுப் பணத்திலேயே சேர்கிறது. புளியையும் பருப்பையும் மூட்டையாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளவும் இயலும்.

இக்கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியில் ரைபைசன் என்னும் கிராம மேயர் 1864இல் குடியானவர்களைக் கொண்டு கடன் சங்கம் ஒன்றை நிறுவினார். ஒருவரையொருவர் அறிந்த ஊரார், ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பது அதன் அடிப்படை. சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் இம்முறையை ஆராய்ந்து 1895, 1897ஆம் ஆண்டுகளில் அறிக்கை வெளியிட்டார். 1904இல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. பின்னர் 1989இல், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. நாட்றம்பள்ளிக்கு அடுத்துள்ள பர்கூர் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆகவே இது நமக்கு அயலான பாடமன்று.

ஓர் எச்சரிக்கை வேண்டும். குழுவின் பெயரால் கடன் வாங்குவது வேறு. குழுவாகச் சேமிப்பது வேறு. வாரத் தவணைக் கடன் ஒன்றை அடைக்க இன்னொன்றை வாங்குவோரும் உளர். அவர்கள் குழுவில் இருந்தும் பயனில்லை. சேமிப்பு முதலில், கடன் பின்னர் என்பதே நெறி.

5. ஊராட்சி உறுப்பினர் கடமை

சில செலவுகளை எவ்வளவு சிக்கனமான வீடும் தனியே குறைக்க இயலாது. குடிநீர் அதற்குச் சான்று. பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவால் நீரும் நிலமும் கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கிணறு கெட்ட ஊரில் ஒவ்வொரு வீடும் நீரை விலைக்கு வாங்குகிறது. பொதுக் குழாயில் நல்ல நீர் தவறாது வந்தால், அது எல்லா வீடுகளுக்கும் மாதந்தோறும் கிடைக்கும் மிச்சமாகும். நியாயவிலைக் கடை நாள் தவறாமல் திறப்பதும் அத்தகையதே. கூலியை இழந்து இருமுறை வந்து நிற்பவருக்கு விலையில்லா அரிசியும் விலையுள்ளதாகிவிடும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் பெறும் முறையையும், காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு உள்ள வட்டிச் சலுகையையும் கிராம சபையில் விளக்கிச் சொல்ல வேண்டும். விதைப்புக்குப் பின் சொல்வதால் பயனில்லை. ஆடிக்கு முன்பே சொல்ல வேண்டும்.

கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் வழங்கும் கடன் வகைகள் யாவை? ஒவ்வொன்றின் ஆண்டு வட்டி எவ்வளவு?
2. சென்ற ஆண்டில் உங்கள் வீட்டிலிருந்து வட்டியாகச் சென்ற தொகை எவ்வளவு?
3. எந்தப் பொருளை எந்த மாதத்தில் கூட்டாக வாங்கினால் மிச்சமாகும்?
4. நம் ஊர்க் குழுக்களுள் சேமிப்பை நடத்துவன எத்தனை, கடனை மட்டும் நடத்துவன எத்தனை?

இவ்வினாக்களுள் இரண்டாவதற்கு விடை எழுதுவது பலருக்குக் கடினமாக இருக்கும். எழுதிய பின் மனம் வருந்தவும் கூடும். எனினும் அந்த எண்ணை அறிந்த குடும்பமே அதைக் குறைக்கத் தொடங்கும். அடுத்த ஆண்டு அதே நோட்டில் அதைவிடச் சிறிய எண் ஒன்றை எழுத முடியுமானால், இப்பாடம் பயன் தந்ததாகும்.