பழைய மின்பலகை காப்பது எதனை?

கூலிம், பீடோங் வட்டாரத்துப் பழைய பலகை வீடுகள் சிலவற்றில், வாசலுக்கு மேலே வெள்ளைப் பீங்கான் பியூசுகளை இன்னும் காணலாம். அவை காப்பது எதனை என வினவின், ‘நம்மை’ என்றே பலரும் விடையளிப்பர். அது பிழை. பியூசு காப்பது கம்பியை; ஆளையன்று.

5 ஆம்பியர் பியூசு, 5,000 மில்லி ஆம்பியரைக் கடந்த பின்னரே உருகும். மனித உயிரைப் பறிக்கவோ 50 மில்லி ஆம்பியரே போதும்! ஈரக்கையோடு ஒருவர் மின்சாரத்தில் அகப்பட்டுத் துடிப்பதைப் பியூசு அறிவதேயில்லை. (அறுந்த பியூசில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவோரும் உளர். அவ்வீட்டில் கம்பிக்கும் காப்பில்லை.)

மின்கசிவுத் தடுப்பான் அவ்வாறன்று. ஒரு கம்பியிற் சென்ற மின்னோட்டம் மறு கம்பியில் முழுமையாகத் திரும்புகிறதா என்று அது ஒப்பிட்டவண்ணம் இருக்கும். உடல்வழியே மண்ணுக்குக் கசியுமாயின், நொடிக்கும் குறைந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், கையிற் பிடிக்கும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியரிலும், ஈரத்தரையுள்ள இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியரிலும் இயங்கும் கருவியைக் கோருகின்றன.

பெற்றோர்களே, பலகையை மட்டும் மாற்றுதல் போதாது. உறை உதிரும் பழைய கம்பிகளையும் எர்த் கம்பியையும் சோதிக்கச் செய்யுங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற குத்தகையாளரையே அழையுங்கள். பின்னர், மாதமொருமுறை கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விசை உடனே கீழிறங்காவிடில், கருவி பழுதென்று அறிக.