பாதியில் நிற்கும் பக்கம்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?



மாதத்தில் 10, 11 தேதிகளிலும் 19, 20 தேதிகளிலும் நம் வெள்ளகோவில் கடைவீதியில் எங்கே போனாலும் ஒரே பேச்சுத்தான். "பக்கமே திறக்கலைங்க, சுத்திக்கிட்டே நிக்குதுங்க." எண்ணெய் மில் வாசலில் லோடு ஏற்றிய லாரி நிற்கிறது, இ-வே பில் வரவில்லை. மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பொறுமை இழந்து நாமும் ஒரே பொத்தானைப் பத்து முறை அழுத்துகிறோம். அதனால் கோளாறு தீருவதில்லை. சில சமயம் இரட்டிப்பாகிறது.

கோளாறு பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: நம் கணிப்பொறி, நம் இணைய இணைப்பு, அல்லது எதிர்முனையில் உள்ள சர்வர். எந்த இடம் என்று தெரிந்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும். இந்தப் பாடத்தின் சாரம் இவ்வளவுதான்.

பக்கம் எப்படி உருவாகிறது?

கடையில் விலைப்பட்டியல் தொங்குகிறது. எத்தனை பேர் பார்த்தாலும் அதனால் நமக்கு வேலை இல்லை. ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் வந்து "என் பற்று எவ்வளவு?" என்று கேட்டால், நோட்டை எடுத்து, அவர் பக்கத்தைத் தேடி, கூட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாதம் பிறந்ததும் நாற்பது பேர் ஒரே நேரத்தில் அப்படிக் கேட்டால் என்ன ஆகும்?

ஜி.எஸ்.டி. தளத்தின் பக்கங்களும் இப்படிப்பட்டவையே. நாம் கேட்ட பிறகுதான் நம் கணக்கைத் தேடி எடுத்துப் பக்கம் தயாராகிறது. முதலில் தலைப்பு, கட்டங்கள், பொத்தான்கள் வந்துவிடும். உள்ளே உள்ள எண்களைத் தனித்தனிக் கோரிக்கைகள் கொண்டுவர வேண்டும். அவற்றில் ஒன்று திரும்பாவிட்டாலும் கட்டம் காலியாக நிற்கும், அல்லது வட்டம் சுற்றும். பாதிப் பக்கம் வந்து மீதி வராததன் காரணம் இதுதான்.

கூட்டமே பெரிய காரணம் என்பதற்கு அனுபவம் உண்டு. 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் இ-வே பில் கட்டாயமான முதல் நாளிலேயே தளம் சுமை தாங்காமல் திணறியது, திட்டத்தையே தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 1 முதல்தான் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு அது நடைமுறைக்கு வந்தது. 2020 ஜனவரியில் நெரிசலைக் குறைக்க 3பி தாக்கல் நாளை 20, 22, 24 என்று மூன்றாகப் பிரித்தார்கள்.

வரிசையாகச் சோதிப்போம்

1. வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் இழுத்தால் கோளாறு நம் இணைப்பில். செல்போனின் ஹாட்ஸ்பாட்டில் கணிப்பொறியை இணைத்துப் பாருங்கள். அதில் திறந்தால் பிராட்பேண்ட் லைனிலோ மோடத்திலோ பழுது. மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

2. மற்ற தளங்கள் நன்றாகத் திறந்து, இது மட்டும் நின்றால், வேறு பிரவுசரிலோ இன்காக்னிட்டோ சாளரத்திலோ முயலுங்கள். அங்கே சரியாக வந்தால் கோளாறு நம் பிரவுசரில். தளத்தின் சில பகுதிகளைப் பிரவுசர் முன்பே சேமித்து வைத்திருக்கும். தளத்தில் மாற்றம் செய்திருந்தால் புதியதும் பழையதும் பொருந்தாமல் போகலாம். கன்ட்ரோல் விசையுடன் எஃப்-5 அழுத்துங்கள். தீராவிட்டால் சேமிப்பை அழியுங்கள். விளம்பரத் தடுப்பான் இருந்தால் நிறுத்திப் பாருங்கள்.

3. கணிப்பொறியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பழைய இயந்திரத்தில் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறினால் தளத்தின் பாதுகாப்புச் சான்று செல்லாததாகத் தோன்றி, பிரவுசர் தளத்தையே மறுத்துவிடும். சின்ன விஷயம்தான்; ஆனால் அரை நாளைத் தின்றுவிடும்.

4. ஒரு குறிப்பிட்ட பட்டியல் மட்டும் நின்றால், நாம் கேட்பது அதிகமாக இருக்கலாம். வருடம் முழுவதற்கும் கேட்காமல் மாதம் மாதமாகக் கேளுங்கள். பில்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் திரையில் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டாம். ஜி.எஸ்.டி. தளமே இலவசமாகத் தரும் ஆஃப்லைன் கருவியில் தயாரித்து, கோப்பாக ஏற்றிவிடலாம்.

5. காங்கேயத்திலும் தாராபுரத்திலும் உள்ள நண்பர்களைக் கேளுங்கள். அதே நேரத்தில் அவர்களுக்கும் நின்றால் கோளாறு சர்வரில். திரையில் 503 என்று வந்தால், சேவை தற்போது கிடைக்கவில்லை என்று பொருள். 504 என்றால், முன்னால் நிற்கும் இயந்திரம் பின்னால் உள்ள இயந்திரத்தின் பதிலுக்குக் காத்திருந்து, நேரம் கடந்துவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் நம் கணிப்பொறியில் வைத்தியம் இல்லை. சற்று விட்டு, அல்லது விடியற்காலையில் முயல்வதே வழி.

மறுமுறை அழுத்தும் முன்

504 வந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதில் நமக்கு வரவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பின்னால் வேலை முடிந்தே இருக்கலாம்.

* தாக்கல் செய்யும்போது நின்றால், வெளியேறி மீண்டும் உள்ளே வந்து, தாக்கல் நிலையையும் ஒப்புகை எண்ணையும் பாருங்கள். 3பி ஒருமுறை தாக்கலானால் அதைத் திருத்தி மீண்டும் தாக்கல் செய்ய வழியில்லை.

* பணம் கட்டும்போது நின்றால், முதலில் வங்கிக் கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் இரண்டாவது செலான் போட வேண்டாம். செலான் வரலாற்றையும் ரொக்கப் பேரேட்டையும் பார்த்துக் காத்திருங்கள். பேரேட்டில் ஏறாவிட்டால் பி.எம்.டி.-07 படிவத்தில் முறையிடலாம்.

* இ-வே பில் போடும்போது நின்றால், அன்றைய பில் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரே லோடுக்கு இரண்டு பில் விழுந்திருந்தால் ஒன்றை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இ-வே பில்லுக்கு இரண்டாவது தளமும் இயங்குகிறது. முதலாவது நின்றால் அதில் முயலலாம். பாலக்காட்டுக்குப் போகும் லோடு 50,000 ரூபாயைத் தாண்டினாலும், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்தைத் தாண்டினாலும், பில் இல்லாமல் வண்டியை எடுக்கச் சொல்லாதீர்கள்.

அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்

கோளாறு சர்வரில் என்று உறுதியானால், தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள். உதவி மேசையில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். பின்னாளில் விளக்கம் கேட்டால் நம் வாய்ச்சொல்லைவிட அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

தளம் நின்றால் தேதியை நீட்டிப்பார்கள் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். 2025 ஜனவரி 10 அன்று தளம் முடங்கியபோது, 11-ஆம் தேதி முடிய வேண்டிய ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கலுக்கு 13 வரை அவகாசம் கொடுத்தது உண்மை. அது நாடு முழுவதும் நின்றதால் கிடைத்தது. நம் மோடம் கெட்டதற்காக யாரும் தேதியை நீட்ட மாட்டார்கள்.

தாமதத்தால் நட்டம் யாருக்கு?

வரி உள்ள 3பி-க்குத் தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய். வரி இல்லாததற்கு 20 ரூபாய். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. இதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. மாதாமாதம் தாக்கல் செய்யும் மொத்த வியாபாரி 11-ஆம் தேதியைத் தவறவிட்டால், 14-ஆம் தேதி தயாராகும் வாங்குபவரின் 2பி அறிக்கையில் அந்தப் பில் வராது. அவருடைய வரி வரவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். ஒருமுறை பொறுப்பார். மறுமுறை வேறு கடைக்குச் சரக்குக்குப் போய்விடுவார்.

எனவே அரசு குறித்த தேதியை நம் கடைசி நாளாக வைத்துக்கொள்ள வேண்டாம். 11 என்றால் நமக்கு 8. 20 என்றால் நமக்கு 17. காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்வோர் ஜி.எஸ்.டி.ஆர்.-1-க்கு 13-ஆம் தேதியையும் 3பி-க்கு 22-ஆம் தேதியையும், காம்பவுண்டிங் முறையில் கட்டுவோர் 18-ஆம் தேதியையும் இப்படியே மூன்று நாள் முன்னால் குறித்துக்கொள்ளலாம். பக்கம் நின்றாலும் சோதித்துப் பார்க்க அந்த மூன்று நாள் கையில் இருக்கும். மேலே சொன்ன ஐந்து சோதனைகளையும் ஒரு அட்டையில் எழுதிக் கணிப்பொறி அருகே ஒட்டி வையுங்கள். கணக்குப்பிள்ளை மாறினாலும் அட்டை மாறாது.