விழுந்த இடமும் தடுக்கிய இடமும்

மிக்ஸிங்கின் நடுவே, ஒலிப்பதிவு மென்பொருளான ஆர்டோரின் சாளரம் சட்டென மறைந்துபோனால், பலரும் உடனே மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். லினக்ஸில் இதனால் பலன் கிடைப்பது அபூர்வம். அமைப்புக் கோப்புகள் பயனரின் ஹோம் அடைவில் இருக்கின்றன. பேக்கேஜை நீக்கினாலும் அவை அப்படியே கிடக்கும். தனியாக இறக்கிப் போட்ட பிளகின்களும் அப்படித்தான். பலன் இல்லாததோடு கெடுதலும் உண்டு. இன்றைய பல லினக்ஸ் கணினிகளில், ஒரு நிரல் விழும் கணத்தில் அதன் நினைவகம் ‘கோர் டம்ப்’ என்ற கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. அதைச் சரியாக வாசிக்க, விழுந்த அதே நிரல் வேண்டும். புதிய பதிப்பை நிறுவிவிட்டால் இரண்டும் பொருந்தாது. கையிலிருந்த சாட்சி ஊமையாகிவிடும். சில நாட்கள் போனால் கோர் டம்ப்பும் தானாகவே அழிக்கப்பட்டுவிடும். ஆகவே முதலில் தடயத்தைப் படித்துவிட வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

லினக்ஸில் ஒலி பல அடுக்குகளைக் கடந்து வருகிறது. அடியில் கர்னலுக்குள் ஆல்சா. அதன் மேல், விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயர். 2021-இல் ஃபெடோரா 34 அதை இயல்பான ஒலி அமைப்பாக்கியது. அதற்கும் மேலே ஆர்டோர் போன்ற ஹோஸ்ட். அந்த ஹோஸ்டுக்குள் பிளகின்கள். இந்தக் கடைசி உறவில்தான் சிக்கல் அதிகம். ஆர்டோரில் பிளகின் தனி நிரலாக ஓடுவதில்லை. ஹோஸ்டின் நினைவகத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஓடுகிறது. பிளகின் தவறினால் ஹோஸ்டும் சேர்ந்து விழும், பழியும் ஹோஸ்டின் தலையில் விழும். பிட்விக் என்ற இன்னொரு ஹோஸ்ட் பிளகின்களைத் தனி நிரலாக ஓட்ட வழி வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு நேரம் செலவாகும். நொடிக்கு 48,000 மாதிரிகள், பஃபர் அளவு 256 என்றால், எல்லாப் பிளகின்களும் தங்கள் வேலையை 5.3 மில்லிநொடிக்குள் முடித்தாக வேண்டும். நூறு பிளகின் உள்ள ஒரு செஷனில் நிரல் விட்டு நிரல் தாவுவதற்கே அதில் கணிசமான பங்கு போய்விடும்.

தடயத்தைப் படிக்க எளிய வழி, ஹோஸ்டை மெனுவிலிருந்து திறக்காமல் டெர்மினலிலிருந்து திறப்பது. கடைசியில் அது என்ன சொல்லிவிட்டுச் செத்தது என்பதிலேயே பாதி விடை இருக்கும்.

‘கில்டு’ என்று மட்டும் வந்தால் நிரல் தானாகச் சாகவில்லை, கொல்லப்பட்டிருக்கிறது. கோர் டம்ப் இருக்காது. நினைவகம் தீர்ந்து கர்னல் கொன்றிருந்தால் கர்னல் பதிவில் அது எழுதியிருக்கும். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் நிகழ்நேர முன்னுரிமையைச் சந்தேகிக்கலாம். சாதாரணப் பயனரின் ஒலி நிரலுக்கு அந்த முன்னுரிமையை வாங்கித் தருவது ஆர்டிகிட் என்ற சேவை. முன்னுரிமை பெற்ற த்ரெட் ஓய்வே எடுக்காமல் ஓடக்கூடிய நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று அது நிபந்தனை போடும். இயல்பாக அந்த வரம்பு 200 மில்லிநொடி. அதைத் தாண்டினால் கர்னல் நிரலைக் கொன்றுவிடும். இது கணினி முழுவதும் உறைந்துபோகாமல் காக்கும் ஏற்பாடு. எரிச்சலில் அந்த வரம்பை நீக்குவதைவிட, எந்த பிளகின் அவ்வளவு நேரம் எடுத்தது என்று தேடுவது நல்லது.

‘அபார்ட்டட்’ என்றோ ‘ட்ரேஸ்/பிரேக்பாயின்ட் ட்ராப்’ என்றோ வந்தால் நிரலோ அது நம்பியிருக்கும் லைப்ரரியோ தானே நிறுத்திக்கொண்டது. காரணம் பெரும்பாலும் அதற்கு மேல்வரியிலேயே இருக்கும். முகப்பு வரையும் லைப்ரரியான ஜிடிகேயின் 2, 3 ஆகிய பதிப்புகள் இரண்டும் ஒரே நிரலுக்குள் ஏற்றப்பட்டால், இது ஆதரிக்கப்படாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே ஜிடிகே 3 நின்றுவிடும். ஆர்டோர் நெடுங்காலம் ஜிடிகே 2-ஐ நம்பியிருந்த மென்பொருள். அதனால் புதிய ஜிடிகேயில் முகப்பு எழுதிய பிளகின்களுக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை.

மூன்றாவது, ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’. இதற்குக் கர்னல் பதிவில் ஒரு வரி இருக்கும்: எந்த நினைவக முகவரியைத் தொட்டபோது, எந்த லைப்ரரிக்குள் விழுந்தது என்று. முகவரி பூஜ்யம் என்றால் வெற்றுச் சுட்டியைத் தொட்டிருக்கிறது. மேற்கொண்டு அறிய, கோர்டம்ப்சிடிஎல் கட்டளை மூலம் கோர் டம்ப்பை ஜிடிபி என்ற டீபக்கரில் திறந்து, எல்லா த்ரெட்களுக்கும் பேக்ட்ரேஸ், அதாவது விழுந்த கணத்தில் எந்தச் செயற்கூறை எது அழைத்திருந்தது என்ற பட்டியல், எடுக்க வேண்டும். பேக்ட்ரேஸில் பெயர்கள் வராமல் கேள்விக்குறிகளாக வந்தால் மனம் தளர வேண்டியதில்லை. ஃபெடோரா, டெபியன் முதலியவை டீபக் தகவலை இணையவழி தரும் டீபக்இன்ஃபோடி சேவையை நடத்துகின்றன. அதை இயக்கினால் போதும்.

பேக்ட்ரேஸ் எப்போதும் குற்றவாளியைக் காட்டும் என்று நம்பக் கூடாது. எனக்கு வந்த ஒரு கிராஷ் அப்படிப்பட்டது. பாட்டைப் பதிவுசெய்யும்போது ஒன்றும் ஆகாது, மிக்ஸிங்கில் விழும். ஒரு நாள் அலைவடிவத்தை வரையும் பகுதியில், இன்னொரு நாள் கோப்பு சேமிக்கும் பகுதியில். கூர்ந்து பார்த்தால் எல்லாப் பேக்ட்ரேஸின் உச்சியிலும் மாலோக், ஃப்ரீ என்று சி லைப்ரரியின் நினைவக வேலைகள். இப்படி இருந்தால் உச்சியில் இருப்பவர் நிரபராதி. வேறு யாரோ தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதி முன்பே நினைவகக் கணக்கைக் குலைத்திருக்கிறார். பிறகு நினைவகம் கேட்டு வந்தவர் மாட்டிக்கொண்டார். பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டிவிட்டுப் போக, பின்னால் நடந்து வந்தவர் வழுக்கி விழுவது போல.

இதற்கு ஆர்டோரில் பிளகின்கள் இல்லாமல் செஷனைத் திறக்கும் வசதி உதவியது. அப்படித் திறந்தபோது கிராஷ் இல்லை. பிறகு பாதிப் பாதியாகச் சேர்த்துப் பார்த்ததில் ஒரு ரிவெர்ப் பிளகின் மிஞ்சியது. அதை மட்டும் ஜால்வ் என்ற, எல்வி2 தரப் பிளகின்களுக்கான சிறிய ஹோஸ்டில் ஏற்றி, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் வால்கிரைண்டின் மேற்பார்வையில் ஓட்டினேன். வால்கிரைண்டில் நிரல் பல மடங்கு மெதுவாகும், ஒலி தெறித்துத் தெறித்து வரும். அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. அப்போதும் பிழை தெரியவில்லை. பதிவின்போது தாமதம் குறைய பஃபர் 256, மிக்ஸிங்கில் சுமை குறைய 2048 என்று மாற்றுவது வழக்கமாயிற்றே என்று தோன்றியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பைப்வயரின் பஃபர் அளவை மாற்றினேன். உடனே செய்தி வந்தது: 1,024 பைட் இடத்துக்கு அடுத்த பைட்டிலேயே அத்துமீறிய எழுத்து. ஒரு மாதிரிக்கு 4 பைட். 1,024-ஐ நான்கால் வகுத்தால் 256.

எல்வி2 தரத்தில் வழக்கமான பஃபர் அளவும் அதிகபட்ச அளவும் தனித்தனியாக அறிவிக்கப்படுகின்றன. இந்த பிளகின் அதிகபட்சத்தைப் பார்க்கவில்லை. திறந்தபோது நடப்பிலிருந்த 256-க்கே இடம் ஒதுக்கியிருந்தது. 2048-இல் செஷனைப் புதிதாகத் திறந்தால் சரியாக ஓடியதும் இதனால்தான். இந்த பிளகின் மீதான “சில சமயம் விழுகிறது” என்ற புகார் பல மாதம் கவனிக்கப்படாமல் கிடந்ததற்கும் இதுவே காரணம் என்பேன்.

பிளகினை எழுதியவருக்கு அனுப்பிய அறிக்கையில் விநியோகப் பதிப்பு, பிளகின் பதிப்பு, பஃபர் அளவை மாற்றும் வரிசை, வால்கிரைண்டின் அந்தச் சில வரிகள் ஆகியவை மட்டுமே இருந்தன. முழு கோர் டம்ப்பை யாருக்கும் அனுப்பக் கூடாது. அதில் கடவுச்சொல்கூட இருக்கக்கூடும். திருத்திய பதிப்பு வரும்வரை, பஃபர் அளவை மாற்றியதும் செஷனைச் சேமித்து மூடி மறுபடி திறந்தே வேலை செய்தேன். புதிய அளவுக்கு பிளகின் மீண்டும் இடம் ஒதுக்கிக்கொண்டது. மிக்ஸிங் தடையின்றி முடிந்தது.