போலி நாணயமும் கள்ளாமை விரதமும்

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவது கள்ளாமை. பிறர் பொருளைத் தொடாதிருந்தாலே இவ்விரதம் நிறைவுறும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உமாஸ்வாமி ஆசாரியரோ தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இதற்கு ஐந்து அதிசாரங்களை எடுத்துரைக்கின்றார். திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரச நெறிக்கு மாறாகப் பொருளீட்டுதல், அளவையிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தல், போலியை மெய்ப்பொருளென விற்றல் என்பன அவை. இறுதியாக நின்றதற்குப் பிரதிரூபக வியவகாரம் என்பது பெயர்.

பேரப்பிள்ளைகளுக்குப் பரிசளிக்கவும் இல்லத்தில் சேமித்து வைக்கவும் பழைய வெள்ளி ரூபாய்களை இணையதளங்களில் வாங்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. அவற்றுள் போலிகளும் கலந்து வருகின்றன. ஆதலின் மெய்யையும் போலியையும் பிரித்தறியும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

மெய்ந்நாணயத்தின் இலக்கணம்

1835ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகள் அனைத்திற்கும் ஒரே வகை ரூபாயை ஏற்படுத்தியது. அதன் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. எனவே ஒரு ரூபாயில் ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி உண்டு. 1940 முதல் 1945 வரை வெளிவந்த ரூபாய்களில் பாதியளவே வெள்ளி. 1947ஆம் ஆண்டின் ரூபாய்கள் நிக்கலால் ஆனவை. அவற்றை வெள்ளியென்று விற்பது பொய்யாகும்.

எழுத்தும் ஆண்டும் பொருந்துகின்றனவா என்று நோக்குதல் வேண்டும். விக்டோரியாவின் ரூபாய்களில் 1876 வரை ‘குயின்’ என்றும், 1877 முதல் ‘எம்ப்ரஸ்’ என்றும் ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டது. 1885 என்ற ஆண்டுடன் ‘குயின்’ என்றிருப்பின் அது போலியே. எட்வர்டு மன்னரின் ரூபாய்கள் 1903 முதல் 1910 வரையிலானவை. 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது. ஆதலின் வேறோர் ஆண்டின் இறுதி இலக்கத்தைத் திருத்தி 1939 ஆக்குவோர் உண்டு. அவ்விலக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்க.

இராமர், சீதை, அனுமன் உருவங்களுடன் 1818 என்ற ஆண்டைத் தாங்கிக் கம்பெனி நாணயம் என விற்கப்படுபவை, பிற்காலத்தார் பக்தியை விலையாக்கச் செய்தவை. கம்பெனி அத்தகைய நாணயத்தை வெளியிடவே இல்லை.

இல்லத்திலேயே சோதிக்கும் முறை

முதலாவது, எடை. தேய்ந்த நாணயம் சிறிது குறையலாம், 11.66 கிராமுக்குக் குறிப்பிடத்தக்க அளவு மிகுதியாதல் இயலாது.

இரண்டாவது, காந்தம். வெள்ளியைக் காந்தம் ஈர்க்காது. எனினும் செம்பையும் பித்தளையையும்கூட ஈர்க்காது. ஆகவே ஈர்த்தால் போலி என்பது உறுதி. ஈர்க்காவிடில் மெய் என்பது உறுதியன்று.

மூன்றாவது, விளிம்பு. மெய்ந்நாணயம் அச்சில் அடிக்கப்பட்டது. வார்ப்பில் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடும், பரப்பில் நுண்துளைகளும், மழுங்கிய எழுத்துகளும் காணப்படும்.

நான்காவது, நீர்ச் சோதனை. இதுவே சிறந்தது. மின்னணுத் தராசின்மேல் நீர் நிறைந்த குவளையை வைத்துச் சுழியமாக்குக. நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாதவாறு நீரில் முழுதும் அமிழ்த்துக. 1940க்கு முந்தைய 11.66 கிராம் ரூபாயாயின் தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும். அதே எடையுள்ள ஜெர்மன் சில்வர் போலியாயின் 1.35 கிராம் அளவில் காட்டும். பெயரில் சில்வர் இருப்பினும் அவ்வுலோகம் செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலவையே. வெள்ளி அதில் இல்லை.

வாங்குமுன் கருத வேண்டுவன

இரு பக்கங்களும் விளிம்பும் தெரியும் படம், எடை, திருப்பித் தரும் உறுதி ஆகியவற்றைக் கேட்டுப் பெறுக. ‘மாதிரி’ என்ற சொல் விளக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் மறைந்திருத்தலும் உண்டு.

விலையையும் ஆராய்தல் வேண்டும். 1940க்கு முந்தைய ரூபாய் ஒன்று, அதிலுள்ள 10.7 கிராம் வெள்ளியின் அன்றைய விலையினும் மிகக் குறைவாகக் கிடைப்பது ஏன்? ஒன்று, அது போலியாகலாம். அன்றேல் திருட்டுப் பொருளாகலாம். இரண்டும் மேற்கூறிய அதிசாரங்களோடு தொடர்புடையவை. மலிவை நாடும் ஆசையே இரண்டிற்கும் வாயில்.

போலி கைக்கு வந்தபின்

ஏமாந்தது நம் பாவமன்று. ஆயின் போலியென்று அறிந்தபின், “நம் இழப்பு நம்மோடு ஏன் நிற்க வேண்டும்” என்றெண்ணிப் பிறருக்கு விற்றால், அக்கணமே விரதத்திற்கு மாசு நேர்கின்றது. மெய்ந்நாணயமென்று சொல்லிப் பரிசளிப்பதும், ஆலய உண்டியலில் இடுவதும் அவ்வாறே. விற்றவரிடம் திருப்பித் தருக; இயலாவிடில் ‘போலி’ என்று எழுதிய உறையிலிட்டு வைக்க. நமக்குப்பின் அதனைக் காணும் பிள்ளைகள் அறியாமல் பிறரை ஏமாற்றாதிருக்க அவ்வொரு சொல் உதவும். இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம். விரதம் காத்தலே பெரிது.

சிந்தனைக்கு

1. காந்தம் ஈர்க்காத நாணயத்தை மெய்யென்று ஏன் துணிதல் கூடாது?
2. மிக மலிவான விலை எவ்விரு அதிசாரங்களை நினைவூட்டுகின்றது?
3. போலியென அறிந்த நாணயத்தை விலை பெறாமல் பிறருக்குக் கொடுப்பது எப்பொழுது குற்றமாகும்?