வேடந்தாங்கற் பயணம்

பிறர் ஊரைக் காணச் செல்வோர் தம் வசதியை மட்டும் எண்ணுதல் போதாது. அவ்வூரின் இயல்பையும் அங்கு வாழ்வாரின் நலத்தையும் முன்னரே எண்ணிப் புறப்படுதல் வேண்டும். எப்பொழுது செல்வது, எவ்வழியே செல்வது, அங்கு எவற்றைக் காண்பது, எவ்வாறு நடந்துகொள்வது என்னும் நான்கையும் ஆராய்ந்து மேற்கொள்ளும் பயணமே பயனுடையதாகும். இவ்வுண்மையைச் செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் என்னும் ஏரிக்கரைச் சிற்றூரைக் கொண்டு நன்கு அறியலாம்.

தொண்டை மண்டலம் ஏரிகள் நிறைந்த நாடு. மழைநீரைத் தேக்கி வைக்கும் சிறிய ஏரியைத் ‘தாங்கல்’ என்று வழங்குதல் இந்நாட்டு மரபு. வேடர் வாழ்ந்த தாங்கல் ஆதலின் வேடந்தாங்கல் எனப் பெயர் பெற்றது என்பர். வேட்டையாடுவோரின் பெயரைத் தாங்கிய ஊர், பிற்காலத்தில் பறவைகளுக்குப் புகலிடமாக விளங்குவது வியப்பன்றோ! இவ்வேரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர். பரப்பிற் சிறியதாயினும் புகழிற் பெரியது.

இங்குச் செல்ல விரும்புவோர் முதலில் நோக்க வேண்டுவது நாட்காட்டியை அன்று, வானத்தை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பினால்தான் பறவைகள் திரளாக வரும். நீரின் நடுவே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. அம்மரங்களின் அடியை நீர் சூழ்ந்திருக்கும்பொழுது, பூனையும் கீரியும் போன்ற விலங்குகள் கூடுகளை அணுகுதல் அரிது. ஆதலால் முட்டையும் குஞ்சும் காப்புப் பெறுகின்றன. மழை பொய்த்த ஆண்டில் இக்காப்பும் இல்லை. இரையாகிய மீனும் நத்தையும் தவளையும் குறைவு. அவ்வாண்டில் பறவைகள் வேறிடம் நாடும். எனவே, மழை நன்கு பெய்த ஆண்டில் கார்த்திகை முதல் மாசி வரையுள்ள காலமே செல்லத் தக்க காலமாகும்.

கடற்கரை ஊராகிய புதுப்பட்டினத்திலிருந்து மாணவர் ஒரு குழுவாகப் புறப்படுவதாகக் கொள்வோம். அவர் கடக்க வேண்டிய தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டை அடைந்து, அங்கிருந்து தென்திசை நெடுஞ்சாலையிற் சென்று, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, படாளத்தில் மேற்கே திரும்பினால் வேடந்தாங்கலை அடையலாம். ஏரியில் பறவைகளைக் காண ஏற்ற வேளைகள் இரண்டு: ஒன்று விடியற்காலை, மற்றொன்று மாலை. விடியலில் அங்கு இருக்க வேண்டுமாயின் இருள் விலகுமுன்னரே புறப்படுதல் வேண்டும். மாலைப் பொழுதைத் தேர்ந்தால், முற்பகலில் திருக்கழுக்குன்றத்தையும் கண்டு செல்லலாம். ஒரே நாளில் இரண்டு பறவைத் தலங்களைக் காணும் வாய்ப்பு இதனாற் கிட்டும்.

திருக்கழுக்குன்றம் பட்சிதீர்த்தம் என்றும் வழங்கப்படும். 500க்கும் மேற்பட்ட படிகளை ஏறினால் மலைமேல் வேதகிரீசுவரர் கோயிலை அடையலாம். நண்பகலில் இரண்டு கழுகுகள் இம்மலைக்குப் பறந்து வந்து, பண்டாரம் அளிக்கும் அமுதை உண்டு செல்லும் காட்சி பல தலைமுறைகளாக நாடெங்கும் புகழ் பெற்றிருந்தது. புதுப்பட்டினத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வாணிகம் செய்த ஒல்லாந்தரும் பதினேழாம் நூற்றாண்டிலேயே இம்மலைக்கு வந்தனர். வந்தவருட் சிலர், பல்லவர் காலத்துக் குடைவரையாகிய ஒருகல் மண்டபத்தின் கல்லில் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றனர். அவ்வெழுத்துகள் இன்றும் உள்ளன. அவை வரலாற்றுச் சான்றாக இன்று பயன்படுகின்றன. எனினும் பழங்கோயிலின் கல்லைக் கீறிச் செல்லுதல் பயணிக்கு அழகன்று.

அக்கழுகுகள் இன்று வருவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றின் வருகை நின்றுவிட்டது. படிகள் இருக்கின்றன, பாறை இருக்கின்றது, நண்பகலும் நாள்தோறும் வருகின்றது, பறவைகள் மட்டும் இல்லை. 1990ஆம் ஆண்டுகளில் இந்திய நாடெங்கும் பிணந்தின்னிக் கழுகினங்கள் பெரிதும் அருகிப்போயின. கால்நடைகளின் நோவு தணிக்கக் கொடுக்கப்பட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியே கழுகுகளின் வயிற்றிற் சென்று அவற்றின் சிறுநீரகத்தை அழித்ததென ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். 2006ஆம் ஆண்டில் கால்நடைக்கு அம்மருந்தை அளிப்பதை இந்திய அரசு தடை செய்தது. கழுகுகளைக் கொல்ல வேண்டுமென்று எவரும் எண்ணவில்லை. மாட்டின் நோவைத் தீர்க்கவே எண்ணினர். அறியாது செய்த செயலும் பேரழிவைத் தரக்கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இதனை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு மாலை நான்கு மணி அளவில் வேடந்தாங்கலை அடைதல் நலம். ஏரிக்கரையின்மேல் நடப்பதற்கு வழி உண்டு. உயர்ந்த காட்சிக் கோபுரமும் உண்டு. மரங்கள் பூத்தாற்போலப் பறவைகள் அமர்ந்திருக்கும். இரு அலகுக்கும் நடுவே இடைவெளி உடையது நத்தைகுத்தி நாரை. அலகு கரண்டியை ஒத்தது கரண்டிவாயன். அரிவாள்போல வளைந்த மூக்குடையது அரிவாள் மூக்கன். அலகின்கீழ்ப் பை உடையது கூழைக்கடா. நீரிற் கழுத்தை மட்டும் நீட்டிப் பாம்புபோல் தோன்றுவது பாம்புத்தாரா. வடநாடுகளிற் பனி மூடும் காலத்தில் ஊசிவால் வாத்து நெடுந்தொலைவு கடந்து இந்நாட்டு நீர்நிலைகளை நாடி வரும். அந்தி நெருங்கும்பொழுது, இரை தேடச் சென்றவை கூட்டங்கூட்டமாகத் திரும்பும். பகலெல்லாம் உறங்கிய வக்கா அப்பொழுதுதான் இரை தேடப் புறப்படும்.

இவ்வளவு பறவைகளும் இவ்வூரையே நாடி வருவது ஏன்? ஊரார் காட்டும் அன்பே தலையாய காரணம். பறவைகளின் எச்சம் ஏரிநீரிற் கலக்கின்றது. அதனால் தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரிற் பெருகுகின்றன. அந்நீர் வயலிற் பாய்ந்து பயிரைச் செழிக்கச் செய்கின்றது. இந்நன்மையை ஊரார் பண்டே உணர்ந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் படைவீரர் சிலர் ஏரியிற் பறவைகளைச் சுட்டபொழுது, ஊரார் திரண்டு சென்று மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டனர் என்பர். அப்பொழுது ஆட்சியராக இருந்த லயனல் பிளேசு என்பார், பறவைகளைக் காக்கும் உரிமையை 1798ஆம் ஆண்டில் ஊராருக்கு எழுத்து வடிவில் அளித்தார். பறவைகளைக் காத்தல் என்னும் கருத்தே உலகிற் பரவாத அக்காலத்தில், எளிய உழவர் அதனைக் கேட்டுப் பெற்றனர் என்பது நம் நாட்டுக்குப் பெருமையாகும்.

பிற்காலத்தில் அரசு இவ்வேரியைப் பறவைகள் சரணாலயமாக ஏற்றது. 1998ஆம் ஆண்டில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தொலைவு வரை சரணாலய எல்லை வகுக்கப்பட்டது. ஏரி சிறிதாயிருக்க எல்லை ஏன் பெரிதாயிற்று எனின், பறவைகள் உறங்குவது ஏரியில். உண்பதோ சுற்றியுள்ள வயல்களிலும் குளங்களிலும். உறங்கும் இடத்தை மட்டும் காத்து, உண்ணும் இடத்தைக் கெடுத்தால் பறவை வாழாது. திருக்கழுக்குன்றக் கதை கற்பிப்பதும் இதுவே. 2020ஆம் ஆண்டில் இவ்வெல்லையைச் சுருக்கும் முயற்சி எழுந்தபொழுது மக்கள் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். அம்முயற்சி பின்னர்க் கைவிடப்பட்டது. 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலாகிய ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

புகழ் பெருகப் பெருகக் காண வருவோரும் பெருகுவர். அதனால் விளையும் துன்பமும் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டில் பிரியன்சு ஏரியின் கரையில் இசெல்ட்வால்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 400 பேரே. அவ்வூர்ப் படகுத்துறை, தென்கொரிய நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இடம்பெற்றது. அதனைக் கண்டோர் பல நாடுகளிலிருந்தும் திரண்டு வந்தனர். அவர் விரும்பியது அத்துறையில் நின்று ஒரு நிழற்படம் எடுத்துக்கொள்வதே. ஊரார் நெருக்கடி தாங்க இயலாது, 2023ஆம் ஆண்டில் துறையின் வாயிலில் சுழற்கதவு அமைத்து, உள்ளே செல்ல 5 பிராங்கு கட்டணம் விதித்தனர். வந்தவர் தீயவர் அல்லர். ஆயினும் ஊரின் அளவை எண்ணாது வந்தனர். அங்காவது மனிதர் வாய்விட்டுச் சொல்லவும் கதவு அமைக்கவும் இயலும். வேடந்தாங்கற் பறவைகளுக்கு அது இயலாது. அவற்றால் இயன்றது ஒன்றே: கூட்டை விட்டு அகலுதல். தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால், முட்டை வெயிலிற் காயும்; குஞ்சு காகத்திற்கு இரையாகும்.

ஆதலால் செல்வோர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். மெல்லப் பேசுதல் வேண்டும். பளிச்சிடும் வண்ண ஆடைகளைத் தவிர்த்து மங்கிய நிறத்தனவற்றை உடுத்தல் நன்று. கல் எறிதலும், கைதட்டிப் பறவைகளைப் பறக்கச் செய்தலும், ஒலிபெருக்கி வைத்தலும் கூடா. கட்டுச்சோறு கொண்டு செல்வோர் காகிதத்தையும் பிளாஸ்டிக் பைகளையும் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். தொலைநோக்கி ஒன்று உடன் இருந்தால், நெருங்காமலே நெருங்கிக் காணலாம். பறவைகள் வந்துள்ளனவா, பார்வை நேரம் யாது என்பவற்றை வனத்துறையினரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருநாளின் மகிழ்ச்சியையே அவர்கள் விட்டுக்கொடுக்கின்றனர் எனின், ஒரு மாலைப் பொழுது மட்டும் அமைதி காத்தல் நமக்கு அரிதாகுமோ?

திருக்கழுக்குன்றத்தில் வெற்றுப் பாறையைக் கண்ட கண்கள், அன்று மாலையே வேடந்தாங்கலில் நிறைந்த மரங்களைக் காணும். ஓரிடத்தில் இழந்தது யாது என்பதும், மற்றோரிடத்தில் காத்தது யாது என்பதும் அப்பொழுது தாமே விளங்கும். அடுத்த ஆண்டும் பறவைகள் அங்கு வருமாறு நடந்துகொண்டு திரும்புவதே நல்ல பயணத்தின் நிறைவாகும்.

பயிற்சி

1. ‘தாங்கல்’ என்னும் சொல்லின் பொருள் யாது? உங்கள் ஊரைச் சுற்றித் தாங்கல் என முடியும் ஊர்ப்பெயர்கள் உளவாயின் எழுதுக.
2. ஏரியில் நீர் நிறைந்திருத்தல் பறவைகளுக்கு எவ்வாறு காப்பாகின்றது?
3. 30 எக்டேர் ஏரிக்கு 5 கிலோமீட்டர் எல்லை வகுத்தது ஏன்? காரணம் கூறுக.
4. உங்கள் வகுப்பினர் ஒரு நீர்நிலையைக் காணச் செல்வதற்கு ஏற்ற பயணத் திட்டம் ஒன்றை ஒரு பக்க அளவில் வரைக.