மணமும் துவர்ப்பும்: எங்கே நன்மை, எங்கே ஆபத்து?



"மஞ்சளும் கிராம்புமே கிருமியைக் கொல்லும். அப்புறம் ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். "அதெல்லாம் சும்மா பேச்சு" என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுமே முழு உண்மையல்ல. செடிகொடிகளில் கிருமியை எதிர்க்கும் சக்தி இருப்பது மெய்தான். ஆனால் எந்த இடத்தில், எந்த அளவில், எந்த வயதினருக்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் அமையும்.

மணம் எங்கிருந்து வருகிறது?

ஓமத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். குப்பென்று மணம் வரும். அதில் ஆவியாகும் எண்ணெய் இருக்கிறது. ஓமத்தில் உள்ள முக்கியப் பொருள் தைமால். கிராம்பிலும் துளசியிலும் இருப்பது யூஜினால். பூச்சி கடித்தால் செடியால் எழுந்து ஓட முடியாது. ஆகவே பூச்சியையும் பூஞ்சணத்தையும் விரட்டும் சரக்கைத் தனக்குள்ளேயே தயார் செய்து வைத்துக்கொள்கிறது. இந்த எண்ணெய் கிருமியின் மேலுறைக்குள் புகுந்து அதைச் சிதைக்கும். உள்ளே இருப்பது வெளியே கசிந்து கிருமி சாகும். பல் டாக்டர்கள் சொத்தைப் பல்லைத் தற்காலிகமாக அடைக்கும் மருந்து ஒன்றில் யூஜினால் இன்றும் சேருகிறது.

துவர்ப்பு என்பது என்ன?

வாழைக்காயை நறுக்கினால் கையில் கறை பிடிக்கிறது. காயும் கறுத்துப் போகிறது. வாழைப்பூ, கடுக்காய், தேயிலை எல்லாவற்றிலும் துவர்ப்பு உண்டு. இந்தச் சத்துக்களைப் பாலிபீனால் என்பார்கள். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினும் இந்த இனந்தான். காற்றிலுள்ள பிராணவாயு பட்டுப் பட்டு எண்ணெய் காறிப் போவது உங்களுக்குத் தெரியும். இந்த இனப் பொருள்கள் அந்தக் கெடுதலைத் தாங்களே ஏற்றுக்கொண்டு எண்ணெயைக் காக்கின்றன. நல்லெண்ணெய் சீக்கிரம் காறாமல் இருப்பதற்கு எள்ளிலுள்ள இப்படிப்பட்ட பொருள்களே காரணம்.

"அப்படின்னா நிறையச் சாப்பிட்டால் நோயே வராதே?"

அப்படியல்ல. சோதனைச்சாலையில் கிருமியைக் கொல்லும் அளவு வேறு, நாம் ரசத்தில் போடும் அளவு வேறு. மஞ்சளில் உள்ள குர்குமினில் மிகச் சிறு பங்குதான் குடலிலிருந்து இரத்தத்தில் சேருகிறது. சமையலில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் நிமோனியாவையும் காசநோயையும் மஞ்சள் பாலால் குணப்படுத்த முடியாது. கிராம்பை வைத்தால் பல்வலி சற்று அடங்கும், சொத்தை போகாது.

இனி, வீட்டில் கவனிக்க வேண்டிய நான்கு இடங்களைப் பார்ப்போம்.

1. பச்சைக் குழந்தையின் தொப்புள்

தொப்புள் கொடியில் மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதையும் தடவாதீர்கள். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ரண ஜன்னிக் கிருமி கடினமான விதை வடிவில் உயிரோடு கிடக்கும். மஞ்சள் அதைக் கொல்லாது. அசுத்தமான மஞ்சளே அதைக் கொண்டு வரவும் கூடும். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, சுத்தமான பிரசவம் ஆகியவற்றால்தான் 2015-ல் இந்தியா சிசுக்களின் ரண ஜன்னியை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. கொடியைச் சுத்தமாக, உலர்வாக விட்டுவிடுங்கள். தானே விழுந்துவிடும். தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, குழந்தை பால் குடிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2. தைலமும் கற்பூரமும்

"சளிக்கு மூக்கில் கொஞ்சம் தடவினால் என்ன?" என்று கேட்பீர்கள். பெரியவருக்கு இதம் தரும் தைலம் கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். யூகலிப்டஸ் தைலமோ கற்பூரமோ சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். கிராம்பு எண்ணெயைக் குடித்துவிட்டால் ஈரல் கெடும். ஆகவே தைலப் புட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

3. உரை மருந்து

வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய், மாசிக்காய் எல்லாம் கல்லில் உரைத்துப் புகட்டுவது நம் ஊர் வழக்கம். ஒரு உரையில் எவ்வளவு வருகிறது என்று யாராலும் அளக்க முடியாது. கல்லும் கையும் சுத்தமில்லாவிட்டால், கிருமியைக் கொல்ல நினைத்துக் கிருமியையே ஊட்டியதாகிவிடும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். பாட்டியம்மா வற்புறுத்தினால், கணவர் பக்கத்தில் நின்று பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். மருமகள் தலையில் மட்டும் அந்தப் பாரத்தைப் போடாதீர்கள்.

4. டீயும் இரும்புச்சத்து மாத்திரையும்

தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. கர்ப்பிணிக்கு நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் மாத்திரை தருகிறோம். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. டீயோடு விழுங்கினால் அதில் பெரும்பகுதி வீண். சோகை தீராமல் பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம். எலுமிச்சைச் சாறோ கொய்யாப்பழமோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். தூக்குவாளியில் டீ வாங்கி வரும் ஐயா, நேரம் பார்த்து வாங்கி வாருங்கள்!

நினைவில் வையுங்கள்:

- மணமும் துவர்ப்பும் சமையலுக்கு நல்லது.
- தொப்புளில் எதுவும் தடவ வேண்டாம்.
- தைலம் குழந்தைக்கு எட்டக் கூடாது.
- ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.
- மாத்திரை வேறு நேரம், டீ வேறு நேரம்.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள்.