தெரிந்தால் மட்டும் போதுமா?

நான் டிப்ளமோ படித்து ரயில்வேயில் சேர்ந்து, நாக்பூர் கோட்டத்தில் செக்‌ஷன் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் அல்ல. பல ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதியோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் மூன்று பி.பார்ம் மாணவர்கள் குடியிருக்கிறார்கள். விதர்பப் பிள்ளைகள்; என்னைக் 'காகா' என்பார்கள். ஒரு ஞாயிறு காலை இட்லி சாப்பிட வந்தவர்களிடம், "நாளைக்கு மருந்துக்கடையில் நிற்கப் போகிறவர்கள் நீங்கள். நீரிழிவைப் பற்றி என்ன தெரியும், சொல்லுங்கள்" என்றேன்.

படிப்பில் குறை சொல்ல இடமில்லை. கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில் அந்தச் செல்கள் அழிகின்றன. இரண்டாம் வகையில் சுரக்கும் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை, நாளடைவில் சுரப்பும் குறைகிறது என்றார்கள். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம், எச்.பி.ஏ.1சி 6.5 சதவீதம் ஆகிய எல்லைகளைச் சொன்னார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. 1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் செய்த ஆராய்ச்சி, 1923 நோபல் பரிசு எல்லாம் மனப்பாடம்.

பிறகு நான் வாடிக்கையாளராக மாறினேன். "தம்பி, டாக்டர் 20 யூனிட் போடச் சொல்லியிருக்கிறார். ஒரு குப்பி இன்சுலினும் சிரிஞ்சும் கொடு." மூவரும் கொடுப்பதாகச் சொன்னார்கள். எந்தக் குப்பி, எந்தச் சிரிஞ்ச் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்திகளில் விற்கிறது. ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று. 100 யூனிட் உள்ளது மற்றொன்று. முன்னதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்ச், பின்னதற்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்ச். 40 மருந்தை 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். 100 மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தாலோ 50 யூனிட்! உயிருக்கே ஆபத்து. 2015 வரை நாக்பூரிலிருந்து சிந்த்வாடாவுக்கு நேரோ கேஜ் வண்டி ஓடியது நினைவிருக்கும். 762 மில்லி மீட்டர் பாதை வண்டியை 1676 மில்லி மீட்டர் பாதையில் யாராவது ஏற்றுவார்களா?

இது என் சொந்த அனுபவம். 2019-இல் எனக்கு இன்சுலின் தொடங்கியபோது, ஒரு கடையில் 40 குப்பியோடு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சைக் கொடுத்துவிட்டார்கள். சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் அளவை 20-லிருந்து 30-க்கு ஏற்றினார். உள்ளே போனதோ 12 யூனிட். ஒரு நாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டிலும் அச்சிட்ட எண்களைப் படித்தபோதுதான் புரிந்தது. சரியான சிரிஞ்சில் அதே 30 கோட்டை இழுத்திருந்தால் மயங்கி விழுந்திருப்பேன். முதலில் டாக்டரிடம் ஓடினேன். அவர் அளவைப் புதிதாக நிர்ணயித்தார்.

இதைக் கேட்டு மாணவர்கள் வாயடைத்துப் போனார்கள். "இரண்டு அடர்த்தி உண்டென்று படித்திருக்கிறோம், காகா. ஆனால் அதை விளக்குவது டாக்டர் வேலை அல்லவா? கடையில் கூட்டம் வேறு இருக்குமே" என்றான் ஒருவன். மற்றொருவன், "இனிப்பைக் குறைக்காதவர்களுக்கு நாம் சொல்லி என்ன ஆகும்?" என்றான். அறிவு இருக்கிறது, மனப்பான்மைதான் இடறுகிறது. மருந்தின் உபயோகத்தை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டு மருந்தாளுமை நடைமுறை விதிகளே சொல்கின்றன. பரம்பரை, வயது, உடல் எடை, உழைப்பின்மை எனப் பல காரணங்களால் வரும் வியாதி இது. நோயாளியைக் குற்றவாளியாகப் பார்த்தால் அவர் சந்தேகம் கேட்கவே கூசுவார்.

அவர்களுக்கு ரயில்வே வழக்கம் ஒன்றைச் சொன்னேன். எஞ்சினில் இருக்கும் இருவருக்கும் சிக்னல் தெரியும். ஆனாலும் 'பச்சை', 'மஞ்சள்' என்று ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். தெரிந்ததைச் சொன்னால்தான் வண்டி பத்திரம். அந்த இரண்டாமவன் சற்று யோசித்து, "காகா, குப்பியைக் காட்டுங்கள்; அதில் என்ன எண் போட்டிருக்கிறது?" என்று கேட்டான். அன்றைய பாடத்தில் அவன் தேறிவிட்டான்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. சங்கக் குடும்பங்களிலும் பலருக்கு இருக்கும். அவர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். வித்தியாசம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள்.

2. பிரிக்காத இன்சுலினை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃப்ரீசரில் உறைந்த மருந்து பயன்படாது. நாக்பூர் வெயிலில் வெளியே வைப்பதும் கூடாது.

3. கடைப் பையன் கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த அரை நிமிடம் உங்கள் உயிருக்குக் காவல்.

மருந்தியல் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளராக நடித்துப் பாருங்கள்.